மேடைக்கு வேண்டாம், கைமுதலுக்குக் கொடுங்கள்

கல்லூரிகளில் தொழில்முனைவுக் கல்விக்கு நிதி ஒதுக்கும் அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுக்கும், நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) குழுவினருக்கும்,

வணக்கம்.

தேனி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நான் வணிகவியல் ஆசிரியர். கல்லூரியின் தொழில்முனைவோர் மேம்பாட்டு மையத்தையும் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பும் பணம் கடைசியாக வந்து சேரும் மேசைகளில் என் மேசையும் ஒன்று. அந்தப் பணத்தை எப்படிக் கொடுத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் நிகழ்ச்சிகளுக்குக் கொடுப்பதைக் குறையுங்கள். மாணவர்கள் சொந்தமாக வாங்கி விற்றுப் பார்க்க ஒரு சிறு கைமுதல் கொடுங்கள். அவர்களோடு நிற்க ஆசிரியருக்கு நேரம் வாங்கிக் கொடுங்கள். நட்டம் வந்தால் "அது எங்களோடு போகட்டும்" என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள். மூன்று வருடமாவது கூட இருங்கள்.

எங்கள் வகுப்பில் இருப்பவர்கள் யார் என்று தெரிந்தால் நான் கேட்பது புரியும். விடியும் முன்பே போடியிலும் கம்பத்திலும் கோம்பையிலும் ஜீப்புகள் கிளம்பி போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. அதில் நெருக்கியடித்து உட்கார்ந்து வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் எங்கள் மாணவர்களில் நிறைய. சிலர் மலைமேல் எஸ்டேட் லயங்களில் வளர்ந்து, கீழே மாமா வீட்டிலோ விடுதியிலோ தங்கிப் படிப்பவர்கள். மற்றவர்களின் வீட்டில் திராட்சைத் தோட்டம் இருக்கும், வாழை இருக்கும், இல்லையென்றால் அப்பா மினி லாரி ஓட்டுவார், பூ கட்டி விற்கும் அம்மா இருப்பார். வாங்குவது விற்பது என்ற பேச்சே இல்லாத வீடு இந்தப் பள்ளத்தாக்கில் குறைவு. பெரும்பாலான வீடுகளில் வாராவாரம் கட்ட வேண்டிய குழுக் கடனும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும்.

இவர்களுக்கு இப்போது தொழில்முனைவு என்ற பெயரில் என்ன கிடைக்கிறது? பெரும்பாலும் ஜனவரிக்குப் பிறகுதான் நிதி வந்து சேரும். மார்ச் 31-க்குள் செலவழித்து, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அவ்வளவு குறைந்த நாளில் ஒரு கல்லூரியால் செய்ய முடிந்தது கருத்தரங்கு ஒன்றுதான். ஃபிளக்ஸ் பேனர், பொன்னாடை, நினைவுப் பரிசு, மதியச் சாப்பாடு, சான்றிதழ். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் பெங்களூரில் ஒரு செயலி நிறுவனம் எப்படி வளர்ந்தது என்று சொல்வார். நல்ல மனிதராகவே இருப்பார், அக்கறையோடுதான் பேசுவார். ஆனால் அன்று மாலை பஸ் ஏறும் பெண்ணுக்கு, மறுநாள் காலையில் தன் ஊரில் எதைத் தொட்டுத் தொடங்குவது என்று தெரியாது. அறிக்கையில் மட்டும் "இருநூறு மாணவர்கள் பயன்பெற்றனர்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதி அனுப்பும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

இத்தனைக்கும் வணிகம் படிக்க இந்த ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு ஊர்களில் ஒன்று போடிநாயக்கனூர். மற்றொன்று மலைக்கு மேலே, வண்டன்மேடு பக்கத்துப் புத்தடி. 2007-லிருந்து கணினி வழியாக நடக்கிறது. ஒருமுறை மாணவர்களை அங்கே அழைத்துப் போனோம். வியாபாரிகள் வரிசையாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒன்றாக ஏலத்துக்கு வரும் சரக்குத் தொகுதிக்கும், மாதிரிக் காய் ஒரு கை அளவு மேசைக்கு வந்தது. காயை உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்க்கிறார்கள், ஒன்றை நகத்தால் பிளந்து உள்ளே விதை கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள், முகர்கிறார்கள். அதற்குள் திரையில் விலை ஏறத் தொடங்கிவிடுகிறது. ஒரு லாட் முடிய அதிக நேரம் ஆவதில்லை. அந்தச் சில நொடிக்குள் நிறம், பருமன், ஈரப்பதம், வட இந்தியச் சந்தையின் தேவை, தன் கையில் இருக்கும் பணம் எல்லாவற்றையும் ஒரு மனிதர் கணக்குப் போட்டு முடித்துவிடுகிறார்.

அங்கே ஒரு மாணவி என்னிடம் கேட்டதை நான் மறக்க மாட்டேன். அவளுடைய அம்மா போடியில் ஒரு கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கப் போகிறவர். "சார், எங்கம்மா கண்ணால பார்த்தே இது எட்டு எம்எம், இது ஏழுன்னு பிரிச்சிருவாங்க. இவங்க பார்க்கறதும் அதுதானே? அப்புறம் ஏன் எங்கம்மாவுக்குக் கூலி மட்டும்?" முதல், சரக்கு, கடன் தவணை, பெயர், பழக்கம், ஏலத்தில் உட்காரும் உரிமம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். திரும்பி வரும் வழி முழுக்க அந்தப் பேச்சுதான். பாடப்புத்தகத்தில் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாட வியாபாரத்தை ஓட்டத் தேவையான பணம், என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு அந்த அத்தியாயத்தை அந்த வகுப்பு படித்த விதமே வேறு.

விலை ஏறி இறங்குவதும் இங்கே புத்தகச் செய்தி கிடையாது. 2018 வெள்ளத்துக்கும் அதன் பிறகு வந்த வறட்சிக்கும் பின்னால், 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. இரண்டரை வருடத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. அந்த உச்சத்தைப் பார்த்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் எந்த நிலைக்கு வந்தார்கள் என்று எங்கள் மாணவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் "ரிஸ்க் எடுங்கள்" என்று மேடையில் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வீடுகள் தாங்க முடிந்ததற்கு மேலேயே தாங்கிக்கொண்டிருக்கின்றன. ரிஸ்க்கை நீங்கள் எடுங்கள். அறப்பணம் ஒன்றுதான் வட்டி கேட்காமல், வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் நட்டத்தைத் தாங்கக்கூடிய பணம். பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய உதவியும் அதுதான்.

எங்கள் மாணவர்கள் செய்த ஒன்றை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓணத்துக்கு அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள் கேரளத்தில் பூக்களம் போடுவார்கள். அதற்கான பூவில் ஒரு நல்ல பங்கு நம் பக்கத்திலிருந்துதான் மலை ஏறுகிறது. வணிகவியல், வரலாறு, தாவரவியல் மாணவர்கள் சேர்ந்து, சீலையம்பட்டிச் சந்தையில் செண்டுப்பூவும் வாடாமல்லியும் வாங்கிக் குமுளியிலும் வண்டிப்பெரியாறிலும் கடைகளுக்குப் போடுவது என்று முடிவு செய்தார்கள். அந்த வருடம் எங்கள் மையத்துக்கு ஒரு நிறுவனத்தின் நிதி வந்திருந்தது. அதில் மேடை அலங்காரத்துக்குச் செலவுத் தலைப்பு இருந்தது. விற்பதற்குப் பூ வாங்கத் தலைப்பு இல்லை. எழுதிக் கேட்டோம். வியாபார முதலுக்கு அனுமதி இல்லை, நட்டம் வந்தால் தணிக்கையில் பதில் சொல்ல முடியாது என்று கடிதம் வந்தது. கடைசியில் உள்ளூர் மளிகைக் கடைக்காரர் ஒருவர், எங்கள் பழைய மாணவர், கைமாற்றாகக் கொடுத்தார்.

முதல் மூன்று நாள் நன்றாகப் போனது. பிறகு மழை. நனைந்த பூ சாக்குக்குள் சூடேறிக் கறுக்கத் தொடங்கியது. கடைக்காரர்கள் விற்ற பிறகுதான் பணம் தருவோம் என்றார்கள். இதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. திருவோணத்துக்கு முந்தைய நாளான உத்திராடத்தன்று நல்ல விலை கிடைத்த தைரியத்தில் திருவோணத்துக்கும் நிறைய ஏற்றினார்கள். அன்று காலை பத்து மணிக்கு மேல் பூவைத் தொட ஆள் இல்லை. மிச்சத்தை அங்கேயே கொட்டிவிட்டு வந்தார்கள்.

அதன் பிறகுதான் நிஜமான பாடம் நடந்தது. எல்லாரும் உட்கார்ந்து கணக்கு எழுதினோம். பூ மழையில் போனதுதான் நட்டத்துக்குக் காரணம் என்று அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். வரலாற்றுத் துறைப் பையன் ஒருவன் நாள்வாரியாக வண்டி வாடகையைத் தனியே எழுதிப் பார்த்தான். பத்து நாளில் பாதி நாள் ஜீப் அரைகுறையாக ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. அந்த வாடகையைப் பகிர்ந்திருந்தால், கொட்டிய பூவையும் சேர்த்தும் கைக்காசு போயிருக்காது. மறு வருடம் அதே குழு, தினமும் குமுளிக்குப் போகும் காய்கறி வண்டிக்காரரிடம் பேசி, சாக்குக்கு இவ்வளவு என்று பூவை அதில் ஏற்றிவிட்டது. கடைக்காரர்களிடம் பாதிப் பணம் முன்னால் வாங்கியது. மளிகைக் கடைக்காரரின் பணம் முழுதாகத் திரும்பியது. அந்த ஜீப் வாடகைக் கணக்குக்கு ஈடாக எந்தப் பேச்சாளரும் எதையும் சொல்லித் தந்துவிட முடியாது.

இதில் கவனியுங்கள், அந்தக் கணக்கைப் பிடித்தவன் வணிகவியல் மாணவன் இல்லை. மழையில் எந்தப் பூ தாங்கும், எப்போது பறித்தால் வாடாது என்று சொன்னது தாவரவியல் மாணவிகள். தொழில்முனைவு என்றாலே எம்பிஏ, பிகாம், பொறியியல் என்று உங்கள் விண்ணப்பப் படிவங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. அதை மாற்றிக் காட்டிய அறக்கட்டளை ஒன்று உண்டு. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியைச் சேர்ந்த காஃப்மன் அறக்கட்டளை, 2003-ல் எட்டுப் பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து மொத்தம் 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. தொழில்முனைவுக் கல்வியை மேலாண்மைத் துறைக்கு வெளியே, கலை, இசை, அறிவியல், மருத்துவம் என்று எல்லாத் துறைக்கும் கொண்டுபோக வேண்டும், பல்கலைக்கழகமும் தன் பங்குக்குப் பணம் திரட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த எட்டில் ஒன்று எல் பாசோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம். ஆற்றுக்கு அக்கரையில் மெக்சிகோ. எல்லையூர்க் கல்லூரியும் அந்தப் பட்டியலில் இடம்பெற முடிந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் திராட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடம் முழுக்கக் காய்க்கும், ஆனால் விதையுள்ள பழம் என்பதால் உலர்திராட்சைக்கு அவ்வளவாக ஆகாது, பறித்தால் அதிக நாள் நிற்கவும் நிற்காது. விலை விழும் வாரத்தில் விவசாயி கையைப் பிசைகிறார். சாறாக்கலாமா, எத்தனை நாள் கெடாமல் நிற்கும், பாட்டிலுக்கு என்ன விலை, யார் வாங்குவார் என்ற கேள்விகளுக்கு ஒரு துறை மட்டும் பதில் சொல்லிவிட முடியாது.

வெளிநாட்டு உதாரணம் சொன்னேனே தவிர, வியாபாரப் பணம் கல்விக்குப் போவது நம் மண்ணுக்குப் புதிதில்லை. விருதுநகரில் நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் மகமை என்று ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு ஒதுக்கி, அதிலிருந்து 1889-ல் க்ஷத்ரிய வித்யாசாலாவை நிறுவினார்கள். காமராஜர் படித்த பள்ளி. இங்கே உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரில் ஹவுதியா கல்லூரி 1956-ல் வந்தது. போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கமே ஒரு கல்லூரி நடத்துகிறது. மகமையில் எனக்குப் பிடித்தது, வருகிற சரக்கு வரைக்கும் அதுவும் வந்துகொண்டே இருக்கும். மார்ச் 31-ஓடு நின்றுபோகாது. உங்கள் நிதியும் அப்படித் தொடர்ந்து வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சட்டம் இதற்குத் தடையாக இருக்கிறது என்று சில அதிகாரிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் படித்த வரையில் அப்படி இல்லை. 2013 நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, கடந்த மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிடச் சொல்கிறது. எவற்றுக்குச் செலவிடலாம் என்று பட்டியலிடும் ஏழாம் அட்டவணையில் கல்வியும் உண்டு, வேலைக்கு உதவும் திறன்களும் உண்டு, வாழ்வாதார மேம்பாடும் உண்டு. தொடர் திட்டம் என்று அறிவித்தால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை நடத்தலாம். செலவாகாத பணத்தை அதற்கென்று தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆகவே மார்ச் மாத அவசரத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஒப்பந்தம் எழுதும்போது "தொடர் திட்டம்" என்று எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அதே பிரிவு, நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தரச் சொல்கிறது. எங்களுக்கு இடிப்பது இங்கேதான். தோட்டம் இடுக்கியில், உழைப்பவர் வீடு தேனியில். காய் விளைவது கேரளத்தில், தரம் பிரிப்பதும் விற்பதும் நிறையவே போடியில். ஆனால் "சுற்றுவட்டாரம்" என்பதை மாவட்ட எல்லையோடு, மாநில எல்லையோடு வெட்டிவிடுகிறார்கள். 1956 மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அதைப் பற்றி இப்போது பேச வரவில்லை. வேலை, வியாபாரம், கல்யாணம், படிப்பு எதுவும் அந்தக் கோட்டில் நிற்பதில்லை என்று மட்டும் சொல்கிறேன். கேரளத்தில் தொழில் நடத்தும் மாணவருக்கு வருகைப்பதிவிலும் மதிப்பெண்ணிலும் சலுகை தரும் கொள்கை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கிறது, முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மானியத்தோடு கடன் தரும் நீட்ஸ் திட்டம் இருக்கிறது. வண்டன்மேட்டில் ரேஷன் கார்டு, உத்தமபாளையத்தில் படிப்பு என்று இருக்கும் பிள்ளை எந்தப் பக்கம் போவது? அரசுகளுக்கு எல்லை தேவைப்படலாம். அறக்கட்டளைக்குத் தேவையில்லை. மலைக்கு இரண்டு பக்கத்துக் கல்லூரிகளையும் ஒரே திட்டத்தில் சேர்க்க உங்களால் முடியும். மூணாறிலும் கட்டப்பனையிலும் இருக்கும் கல்லூரிகளோடு எங்கள் பிள்ளைகள் சேர்ந்து வேலை செய்தால், மலையாளத்தில் பேரம் பேசவும் கற்றுக்கொள்வார்கள். இந்த எல்லையில் அது பெரிய முதல்.

ஆசிரியரின் நேரம் பற்றி நான் பேசினால் எனக்காகக் கேட்பதாகத் தோன்றலாம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. தேர்வுப் பணி, தரமதிப்பீட்டுக் கோப்புகள் எல்லாம் அதற்கு மேலே. தொழில்முனைவு மையம் அதற்கும் மேலே. அதிகாலைச் சந்தைக்கு மாணவர்களோடு போனவர் ஒன்பதரைக்கு வகுப்பில் நிற்க வேண்டும். என் வகுப்பில் சில மணி நேரத்தை எடுத்துக்கொள்ள ஒரு கௌரவ விரிவுரையாளருக்குச் சம்பளம் கொடுங்கள். ஒரு பெரிய கருத்தரங்குக்கு ஆகும் செலவில் அவருக்குப் பல மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம். அதேபோல, சரக்கு தெரிந்த உள்ளூர் வியாபாரி ஒருவர் வாரம் ஒருநாள் வந்து உட்கார ஒரு மதிப்பூதியம் வையுங்கள். பட்டம் இல்லாதவர் என்று தள்ளிவிடாதீர்கள். தரம் பிரிக்கும் அம்மாக்களையும் அப்படியே அழையுங்கள், பயிற்றுநர் என்று பெயர் எழுதிப் பணம் கொடுங்கள்.

சென்னையிலும் கோவையிலும் இரவு முழுக்க நடக்கும் போட்டிகளுக்கு எங்கள் பெண்பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அம்மா தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டியவர்கள் அவர்கள். அதே பணத்தை இங்கே, பகல் நேரத்தில் செலவிடுங்கள்.

கடைசியாக அறிக்கை. எத்தனை நிறுவனம் பதிவானது என்று கேட்கிறீர்கள். கேட்டால் எண்ணிக்கை வரும், பெயருக்குப் பதிவு செய்து எண்ணிக்கையை அனுப்பிவிடுவார்கள். மாணவருக்குச் சொந்தமாக ரொக்கப் புத்தகம் எழுதத் தெரிகிறதா, ஒரு பொருளின் அடக்கவிலையைச் சொல்ல முடிகிறதா, வங்கி மேலாளர் முன் உட்கார்ந்து தன் தேவையைக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். அவர்கள் எழுதிய நட்டக் கணக்கை வாங்கிப் படியுங்கள். பட்டம் முடித்ததும் பெரும்பாலானவர்கள் வேலைக்குத்தான் போவார்கள், போகவும் வேண்டும், வீட்டில் கடன் இருக்கிறது. பத்து வருடம் கழித்து அவர்களில் ஒருவர் கடை போடலாம். அது உங்கள் அறிக்கையில் வராது, அதற்காக அந்தப் பணம் வீணாகிவிட்டது என்று ஆகாது.

கல்லூரி ஜூனில் திறக்கிறது. செண்டுப்பூ விதைத்துப் பூக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இந்தமுறை சந்தையில் வாங்காமல், ஒரு மாணவரின் அப்பா தரும் நிலத்தில் தாங்களே பயிரிட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நாற்று, உரம், சொட்டுநீர்க் குழாய், வண்டி எல்லாவற்றுக்கும் அவர்களே மதிப்பீடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் உங்களில் ஒருவராவது சரி என்று சொன்னால் ஓணத்துக்குப் பூ தயாராகிவிடும். மதிப்பீட்டையும், இரண்டு வருடக் கணக்குப் புத்தகங்களையும் கேட்பவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன். நேரில் வந்து பார்க்க விரும்பினால் ஏலம் நடக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள், மாணவர்களே அழைத்துப் போவார்கள்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வணிகவியல் ஆசிரியர்